நான் வாரச் சொன்ன சேறு

டென்மார்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் காரைக்குடிக்குப் போயே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. மகள் வீட்டுத் தெருமுனையில் மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்று இருந்தது. கம்பி வேலி போட்டு, தரைக்குள் குழாய்கள் இறக்கியிருந்தார்கள். ஒருநாள் காலை நடையின்போது, அங்கே ஒரு பெண் பொறியாளர் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டிருந்ததை வேலியோரம் நின்று பார்த்தேன். மண் கறுப்பாக இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு அவர்கள் பாணி ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: "மூக்கை மூடாதீர்கள். இந்த நாற்றம் எங்களுக்கு நல்ல சேதி. கீழே யாரோ பெட்ரோலைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்."

எடுத்த மண்ணைக் காற்றுப் படாமல் பைக்குள் வைத்து மூடினார். கைக்குழந்தையைப் போர்த்துவது போல அவ்வளவு கவனம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதே கரிய மண்ணை, இதே நாற்றத்தை, பல ஆண்டுகளுக்கு முன் செட்டிநாட்டில் ஒரு வீட்டுக் கிணற்றில் பார்த்திருக்கிறேன். வாரிக் கொட்டச் சொன்னவன் நான்.

கோவைக்குத் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் படிப்பது கஷ்டமாக இல்லை. படித்ததை ஏற்பதுதான் கஷ்டமாக இருந்தது. பழைய மாணவர் ஒருவர் ஊரில் நீர்ப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறார். அவரிடம் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் ஒரு ஐஸ் பெட்டியும் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள் காலை காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டேன். பணியாரம் நான் இங்கே கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் இருந்தது போலவே, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக இருந்தது. பரிமாறியவர், "தண்ணி பாட்டிலா, சாதாவா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கேள்வி கிடையாது. கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடு வேலைக்கு வந்த என்னை முதல் வாரத்திலேயே அடக்கியது காரைக்குடித் தண்ணீர். அவ்வளவு இனிப்பு. நான் சாதாத் தண்ணீரே கேட்டேன்.

நான் போக வேண்டிய வீடு கானாடுகாத்தான் போகும் வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் இனியும் அங்கே இருக்க வேண்டும். ஆட்டோ ஓட்டியவர் பெயர் சாகுல். துபாயில் சில வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர்.

"ஐயா கோயமுத்தூரா? அங்குட்டு ஆளுக திட்டுனாக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவாகளாம்ல?"

"ஆமா. அதனால் யார் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் போய்விடும்."

"இங்குட்டு அந்தக் கொழப்பமே இல்லை. தெருவுக்கே கேக்கும்."

ஊருக்கு வெளியே பொட்டலில் ஆட்டோ நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார் சாகுல். அதில் பெட்ரோல் இருந்தது. செய்தித்தாளைச் சுருட்டிப் புனல் செய்து ஊற்றியதில் ஒரு கை அளவு செம்மண்ணில் கொட்டியது. நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஐயா, வெலைய நெனைக்கிறீகளா? வெயில்ல பறந்துரும்."

அவர் சொன்னது சரி. மேலே சிந்தியது பறந்துவிடும். தரைக்கு அடியில் தொட்டியிலிருந்து கசிவதுதான் எங்கும் போகாது.

நான் போய்க்கொண்டிருந்தது லெட்சுமணன் செட்டியார் வீட்டுக்கு. காரைக்குடியில் நான் வேலை பார்த்த அதே கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். என் நண்பர். அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி அப்போது ஒரு சின்ன பெட்ரோல் பங்க் இருந்தது. ஒரு வருடம் அவர்கள் கிணற்றில் பெட்ரோல் வாடை வந்தது. பங்க்கின் தொட்டி ஓட்டையாகியிருந்தது. தகராறு நடந்து, பங்க்கை மூடி, தொட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கசிந்தது மண்ணிலேயே இருந்தது. கிணற்றை மூடி வைத்தார்கள். சில ஆண்டுகளில் பெட்ரோல் வாடை போய், அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

அப்போதுதான், கிணறு கெட்டதால் நின்றிருந்த படைப்பை மறுபடி நடத்த நாள் குறித்தார்கள். முன்னோரை நினைத்துப் பங்காளிகள் எல்லாரும் பழைய வீட்டில் கூடிச் சமைத்துப் படைக்கும் நாளைப் படைப்பு என்பார்கள். மலேசியா, சிங்கப்பூர், சென்னை என்று எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். இந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படைப்புச் சோறு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் வேக வேண்டும். கிணறு கெட்டுக் கிடக்கிறதே என்று எல்லாரும் விழித்தபோது, லெட்சுமணன் என்னை அழைத்துப் போனார். பங்காளிகள் சுற்றி நின்றார்கள். "புரொபசர் சொல்லட்டும்" என்றார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாளி இறைத்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை. அடியில் கிடக்கும் கரிய சேறுதான் நாற்றத்துக்குக் காரணம், தூர் வாருங்கள், பிளீச்சிங் பவுடர் போடுங்கள், தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பிப் பரிசோதித்திருக்கலாம். படைப்புக்குள் முடிவு வந்திருக்காது. தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு அந்தக் கிணற்றை வருடம் முழுவதும் குடிக்கப் பயன்படுத்தினார்கள். பின்னால் லெட்சுமணன் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். நான் அப்போது கோவைக்கு மாற்றலாகியிருந்தேன். துக்கத்துக்கு வந்தேன், அழுதேன், திரும்பினேன். கிணற்றை நினைக்கவே இல்லை.

அவர் மனைவி உமையாள் ஆச்சி முகப்பில் நின்று என்னை வரவேற்றார். வயது ஏறியிருந்தாலும் முதுகு வளையவில்லை.

"வாங்க, வாங்க. போன் பண்ணி வாரேன்னீக, நான் நம்பலை. நல்ல நாளு பாத்துத்தான் வந்திருக்கீக. நாளன்னைக்குப் படைப்பு."

எனக்கு அது தெரியாது. நாள் விசாரிக்காமல் வந்திருந்தேன்.

ஆச்சி ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம கெணத்துத் தண்ணிதான். நீங்க அன்னைக்குச் சொன்னீகள்ல, அதுல இருந்து வருசம் தவறாமப் படைப்புக்கு முன்னாடி தூர் வாரி, பவுடர் போட்டுருவோம். நாளைக்கு ஆளுக வாராக."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குடிக்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குடித்தேன். நல்ல தண்ணீர், எந்த வாடையும் இல்லை. மதியம் வெண்டைக்காய் மண்டி வைத்திருந்தார். அரிசி களைந்த தண்ணீரில் புளிப்பும் கெட்டியுமாகச் செய்வது. எந்தத் தண்ணீரில் அரிசி களைந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதையும் சாப்பிட்டேன். சொல்லத்தான் வந்திருந்தேன், முதல் நாள் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலையிலேயே தூர் வாரும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கிணறு பின்கட்டுக்கு அப்பால், செம்புறாங்கல்லை வெட்டி இறக்கியது. மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியேற்றினார்கள். பிறகு இருவர் இறங்கினார்கள். மேலே நின்றவர்கள் கூடையில் சேற்றை இழுத்தார்கள். நாற்றம் பின்கட்டு முழுக்கப் பரவியது.

"என்னடா இது, வருசத்துக்கு வருசம் மணம் கூடுது?" என்றார் கயிறு இழுத்தவர்.

"செட்டியார் வீட்டுக் கெணறுடா. பர்மா சென்ட்டு."

"பேசாம ஒரு டப்பால அடச்சு ஒன் மச்சானுக்கு அனுப்பு."

அவர்கள் சிரித்தார்கள். நான் கொட்டிய சேற்றருகே உட்கார்ந்தேன். மை போலக் கறுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்ட விளிம்புகள் துரு நிறமாகப் பழுத்தன. அந்த நிறமாற்றத்தில் எல்லாம் இருந்தது. எனக்குத்தான் அன்று வாசிக்கத் தெரியவில்லை.

நான் படித்த காலத்தில் பெட்ரோலை நுண்ணுயிர்கள் சிதைக்க ஆக்சிஜன் வேண்டும் என்றே சொல்லித்தந்தார்கள். பெட்ரோல் தரைக்குள் இறங்கியதும், அங்கே இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். அதன் பிறகு எதுவும் நடக்காது என்றுதான் நினைத்திருந்தோம். நடக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. நாம் காற்றை வைத்து மூச்சு விடுவதைப் போல அவை வேறு பொருள்களை வைத்துச் சமாளிக்கின்றன. முதலில் நைட்ரேட். பிறகு மண்ணில் இருக்கும் இரும்புத் துரு. செட்டிநாட்டுச் செம்புறாங்கல்லில் அதற்குப் பஞ்சமே இல்லை. பிறகு தண்ணீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட். இந்தக் கடைசி வேலையில் வெளிப்படுவதுதான் அழுகிய முட்டை வாடை. அது இரும்போடு சேர்ந்தால் கரிய சேறு.

பெட்ரோலில் இருப்பவற்றில், தண்ணீரில் அதிகம் கரைபவை சில வளைய வடிவச் சேர்மங்கள். டோலுயின், பென்சீன் போன்றவை. ஆக்சிஜன் இருந்தால் அந்த வளையத்தை நேரடியாக உடைத்துவிடலாம். இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. டோலுயினின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பகுதியில், ஒரு அமிலத் துண்டைக் கைப்பிடி போல ஒட்டவைக்கின்றன. பிறகு அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் பிரிக்கின்றன. பென்சீனில் நீட்டிக்கொண்டிருக்க ஒன்றும் இல்லை. வழுவழுப்பான வளையம். எல்லாவற்றுக்கும் கடைசியாக, மிக மிக மெதுவாகத்தான் அது சிதையும். சில இடங்களில் சிதையவே சிதையாது. ரத்தத்தைக் கெடுக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்ததும் அந்தப் பென்சீன்தான். தண்ணீரில் கொஞ்சமாகக் கரைந்திருந்தால் மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாது.

அதாவது, அன்று நாற்றம் வந்தபோது கீழே வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை முடியவில்லை என்பதையும் அந்த நாற்றம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பவுடர் போட்டு அந்த அடையாளத்தை அழித்தேன். அது போதாதென்று, தூர் வாரத் தண்ணீரை முழுவதும் இறைக்கும் ஒவ்வொரு முறையும் பங்க் இருந்த பக்கத்து மண்ணிலிருந்து புதுத் தண்ணீர் இந்தக் கிணற்றை நோக்கி ஊறி வந்திருக்கும். வருடா வருடம் விஷத்தைக் கிணற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறோம். நுண்ணுயிர்களைப் பற்றி அன்று எனக்குத் தெரியாதது என் குற்றமில்லை. அளந்து பார்க்காமல் குடிக்கச் சொன்னது என் குற்றம்.

ஊற்றில் புதுத் தண்ணீர் ஏறியதும் குப்பிகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, குமிழி ஒன்றும் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடினேன். ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஆச்சி வந்து நின்றார்.

"இதென்ன, காசித் தீர்த்தம் மாதிரி பதனமா எடுத்துக்கிட்டுப் போறீக?"

"ஆச்சி, உட்காருங்கள். ஒன்று சொல்ல வேண்டும்."

"நின்னே கேக்குறேன். சொல்லுங்க."

சொன்னேன். அன்று தண்ணீரைச் சோதிக்காமலே குடிக்கலாம் என்று சொன்னேன் என்பதை, இன்று இந்தத் தண்ணீரில் பென்சீன் இருக்கக்கூடும் என்பதை, பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்பதை. லெட்சுமணன் பெயரை நான் எடுக்கவில்லை.

ஆச்சி கிணற்றைப் பார்த்தார். பவுடர் டப்பாவோடு காத்திருந்தவரிடம், "அத வையி. போட வேண்டாம்" என்றார். என்னிடம், "இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. அன்னைக்கு எல்லாத்துக்கும் முன்னாடிதான சொன்னீக? பங்காளிக சாயங்காலம் வந்துருவாக" என்றார்.

சாயங்காலம் வளவில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நடு முற்றத்தைச் சுற்றித் தூண்களோரம் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து நின்று ஆச்சியிடம் சொன்னதையே சொன்னேன். லெட்சுமணனின் தம்பி மகன் கண்ணப்பன்தான் ஆரம்பித்தான். சிங்கப்பூரில் கணக்குத் தணிக்கையாளர்.

"அன்னைக்கு மோந்து பாத்து நல்ல தண்ணின்னீக. இன்னைக்கு மோந்து பாக்காமயே கெட்ட தண்ணிங்கிறீக. எத நம்புறது?"

"இரண்டையும் நம்ப வேண்டாம். பரிசோதனையை நம்புங்கள்."

"ரிசல்ட் எப்ப வரும்?"

"படைப்புக்குப் பிறகுதான்."

"நல்லா இருக்கு! அப்ப நாளைக்குச் சோறு எதுல வேகும்? பாட்டன் காலத்துல இருந்து இந்தக் கெணத்துத் தண்ணி. கேன் தண்ணி வாங்கி ஊத்தவா? சாமி மினரல் வாட்டர் கேட்டுச்சா?"

சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "இத்தன வருசமாக் குடிக்கிறோம். இன்னம் ஒரு நாளு குடிச்சா என்ன ஆயிரும்?" என்றார். எனக்குப் பதில் இருந்தது. ஒரு நாள் குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொன்னால் எல்லாரும் நிம்மதியாகக் கலைவார்கள், அடுத்த வருடமும் தூர் வாருவார்கள். ஒரு நாள்கூட ஆபத்துதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்று நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேன், இன்று பயமுறுத்தி நல்லது செய்ய ஆசைப்படுகிறேன் என்று தோன்றியது. உள்ளதையே சொன்னேன்.

"ஒரு நாளால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் ஆச்சிக்கு ஒரு நாள் இல்லை. வருடம் முழுக்க அவர்தான் இங்கே குடிக்கிறார். நாளைக்கு நீங்கள் இதில் சமைத்தால், கிணறு நல்ல கிணறு என்று எல்லாரும் சேர்ந்து அவருக்குச் சொல்வதாக ஆகும். அன்று அப்படிச் சொன்னவன் நான் ஒருவன்தான்."

ஆச்சி தூணை விட்டு நகர்ந்து முன்னால் வந்தார்.

"ஊருணில தண்ணி கெடக்குல்ல?"

"கெடக்கு ஆச்சி" என்றார் யாரோ.

"அந்த ஊருணிய வெட்டுனது யாரு? நம்ம பாட்டன் கூடப் பொறந்தவுகதான? அதுல கால் நனைக்கக் கூடாதுன்னு காவக்காரன் போட்டதும் அவுகதான? அந்தத் தண்ணி இந்தக் குடும்பத்துத் தண்ணி இல்லையா? விடியக் கொடம் எடுத்துக்கிட்டுப் போங்க. கண்ணப்பா, நீயும் போ. சிங்கப்பூர்ல ஜிம்முக்குப் போறேன்னு சொல்றேல்ல, ரெண்டு கொடம் தூக்கு."

கண்ணப்பன் என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, "சரி ஆச்சி" என்றான்.

மூன்றாம் நாள் படைப்பு ஊருணித் தண்ணீரில் நடந்தது. நான் பின்வரிசையில் சாப்பிட்டேன். கவுனி அரிசிப் பொங்கலும் கந்தரப்பமும் வந்தன. ஒருவரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை, அதிகமாகவும் பேசவில்லை. கோவையில் எங்கள் சொந்தத்துக்குள் இப்படி ஒன்று நடந்திருந்தால் மரியாதையாகவே பேசியிருப்பார்கள், பிறகு வாழ்நாள் முழுக்கப் பேசியிருக்க மாட்டார்கள். கிளம்பும் முன் கிணற்றுக்கு மரப்பலகையால் மூடி போட்டிருந்தார்கள். மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த கண்ணப்பன் கேட்டான்.

"இனிமே இத என்ன செய்யிறது?"

"ஒன்றும் செய்யாதே. இறைக்காதே, தூர் வாராதே, பவுடர் போடாதே. கீழே இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றின் வேகத்தில் தின்னட்டும். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் போதும்."

"எப்ப முடியும்?"

"தெரியாது. உன் மகன் காலத்தில் முடியலாம்."

இந்த முறை 'தெரியாது' சுலபமாக வந்தது. காலம் கடந்துதான் வந்தது. ஆச்சியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி அவனிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "மீனா?" என்று கேட்டார். தண்ணீர் என்றேன். நம்பவில்லை, மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

கோவையில் முடிவு வந்தது. டோலுயின் கிட்டத்தட்ட இல்லை. பென்சீன் இருந்தது, குடிநீரில் இருக்கலாம் என்று அனுமதிக்கும் அளவுக்கு மேலேயே இருந்தது. இத்தனை வருடங்களாக நுண்ணுயிர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் தின்றுவிட்டு, முடியாததை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன.

ஆச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். தன் ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவர் சொன்னார். நான் எடுக்காமல் வந்த பேச்சை அவர்தான் எடுத்தார். லெட்சுமணன் பெயரைச் சொல்லவில்லை.

"அவுகளுக்கு வந்தது இதனாலதானான்னு அந்தப் பரிசோதனை சொல்லுமா?"

"சொல்லாது ஆச்சி."

"இதனால இல்லைன்னாவது சொல்லுமா?"

"அதையும் சொல்லாது. எந்தப் பரிசோதனையாலும் முடியாது."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"சரி. அப்ப அத நீங்களும் மனசுக்குள்ள வச்சுக்கங்க, நானும் வச்சுக்கிறேன். பிள்ளைககிட்ட சொல்ல வேண்டாம்."

போனை அவர்தான் முதலில் வைத்தார்.